பெங்களூரிலிருந்து ஊருக்கு பைக்கில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது நீலசந்திரா. ஊர், நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலம். 2021-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-இல் இதுவரை 48 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் இந்த ஒரே சாலைதான்: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல். அலுவலகத்திலும் அல்சூர் பக்கத்து உறவினர் வீடுகளிலும் இதைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

அக்கா, 350 சிசி போதுமா? 450, 650 என்று போக வேண்டாமா?

போதும். மத்திய அரசின் 2018 அறிவிப்புப்படி நான்குவழி நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வேகமே மணிக்கு 80 கிலோமீட்டர்தான். மீட்டியாரோ கிளாசிக்கோ அந்த வேகத்தில் நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும். பெரிய இன்ஜினின் அருமை தெரிவது பின்னால் ஆளும் இரண்டு பக்கமும் பையும் இருக்கும்போது மேட்டில் லாரியைத் தாண்டுகிற இடத்தில். அப்படி அடிக்கடி இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு டோமினார் 400, ஹிமாலயன் 450 போன்றவை நல்ல வண்டிகள்.

சிசியைவிட இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். என் உயரம் 5 அடி 2 அங்குலம். மீட்டியாரின் இருக்கை 765 மில்லிமீட்டர் என்பதால் இரண்டு கால்களும் தரையில் ஊன்றும். ஹிமாலயன் 450-இன் வழக்கமான இருக்கையில் குறைந்தபட்சமே 825. அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். வண்டி பிடித்துப்போனது, ஆனால் கால் நுனிதான் எட்டியது. பை கட்டிய வண்டியைச் சரளைக்கல் மேல் நிறுத்தும்போது அந்த இரண்டு அங்குலம்தான் உங்களைக் காப்பாற்றும். ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள். டெஸ்ட் ரைடில் ஒரு யூ-டர்ன் அடியுங்கள், சரிவில் நிறுத்தி எடுங்கள், பின்னால் ஒருவரை உட்கார வைத்தும் பாருங்கள்.

பட்ஜெட் 3 லட்சம் என்றால் வண்டிக்கு இரண்டரை, மீதி ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், கையுறைக்கு. இந்தக் கணக்கில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பழைய வண்டி வாங்கலாமா?

தாராளமாக. ஆனால் பகலில் பாருங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓட்டிச் சூடாக்கி வைத்த வண்டி, காலையில் ஸ்டார்ட் ஆகாத குறையை மறைத்துவிடும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங், போய்விட்டது. முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்களில்) எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பற்சக்கரத்தின்) பற்கள் சுறாவின் முதுகுத் துடுப்புபோல் ஒருபக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியின் சட்டத்தில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். கடனில் எடுத்த வண்டியாக இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வராமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

கே.ஏ. நம்பர் வண்டியைத் தமிழ்நாட்டில் ஓட்டினால் பிடிப்பார்களா?

ஊருக்குப் போய்வருவதற்கு யாரும் உங்களை ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. டி.என். வண்டியை பெங்களூருக்குக் கொண்டுவந்து இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் இதே விதிதான். பழைய ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே பதிவு செய்து வரி கட்டி, அங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்க வேண்டும். அலைச்சல்தான். ஆனால் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு ஒவ்வொரு சிக்னலிலும் பயந்துகொண்டே நிற்பது அதைவிடப் பெரிய அலைச்சல்.

இன்சூரன்ஸ் ஐந்து வருடத்துக்கு இருக்கிறதே, அது போதாதா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருடக் காப்பீடு கட்டாயம். ஆனால் அது மூன்றாம் நபருக்கானது, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கு மட்டும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதமும் திருட்டும் பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குத்தான் சேர்ந்திருக்கும். பாலிசித் தாளில் இரண்டு தேதிகள் இருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். புகைச் சான்றின் தேதியையும் கையோடு பார்த்துவிடுங்கள். ஆர்.சி., லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹனிலோ இருந்தால் போதும், அசல் தேவையில்லை.

செயினை எத்தனை நாளுக்கு ஒருமுறை கவனிக்க வேண்டும்?

நாள் கணக்கு வேண்டாம், கிலோமீட்டர் கணக்கு வையுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. எனக்கு ஊருக்குப் போய்வந்தால் ஏறக்குறைய அவ்வளவு ஆகிவிடும், அதனால் மறப்பதில்லை. மழையில் ஓட்டினால் அன்றைக்கே.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கியரில் போட்டு இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு துணியால் செயினைத் துடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ப்ராக்கெட்டில் விரல் மாட்டினால் விரல் இருக்காது. மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ தொட்டு, மெல்லிய பிரஷ்ஷால் அழுக்கை எடுங்கள். பெட்ரோல் வேண்டாம், செயின் கண்ணிகளுக்கு இடையில் உள்ள ரப்பர் வளையங்களை அது கெடுக்கும். துடைத்து, காயவிட்டு, செயினின் உள்பக்கம் லூப் (செயினுக்கான மசகு ஸ்ப்ரே) அடியுங்கள். சக்கரம் சுற்றும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். கால் மணி நேரம் கழித்து மேலே தங்கியதைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சாலைப் புழுதி முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும்.

தொய்வு, அதாவது செயினை விரலால் தூக்கினால் அது மேலும் கீழும் ஆடும் அளவு, இதைவிட முக்கியம். பல வண்டிகளில் 25 முதல் 35 மில்லிமீட்டர் தொய்வு இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு, எந்த நிலையில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். தளர்ந்த செயின் சத்தம் போடும், எல்லோருக்கும் தெரியும். இறுகிய செயின் சத்தமில்லாமல் கெடுக்கும். ஒருமுறை சர்வீஸுக்கு விட்ட பட்டறையில், செயின் சத்தம் வருகிறது என்று நான் சொன்னதற்காகக் கம்பிபோல் இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். தனியாக ஓட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன். பாரத்தில் பின் ஷாக் அமுங்கினால் செயின் இன்னும் இறுகும். தர்மபுரி தாண்டியதும் ஒரு கீச்சொலி. சேலத்தில் நிறுத்திப் பார்த்தால் முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்குக் கீழே ஆயில் கசிந்திருந்தது. சீல், பேரிங் இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. அம்மாவைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, வண்டியோடு நான் அங்கேயே ஒரு நாள் இருந்தேன். அன்றிலிருந்து சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது செயினை விரலால் தூக்கிப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

காருக்குப் போடும் ஆயிலையே ஊற்றலாமா? அதுவும் நல்ல ஆயில்தானே?

கூடாது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தகடுகளும் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி இருக்கின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்திருப்பார்கள். அது பட்டால் கிளட்ச் வழுக்கும். முறுக்கினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. டப்பாவில், பைக் ஆயிலுக்கான தரக்குறியான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் அளவைச் சரிபார்க்கும்போது வண்டி நேராக நிற்க வேண்டும். பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்ந்தபடி பார்த்தால் குறைவாகத் தெரிந்து, தேவையில்லாமல் ஊற்றிவிடுவோம்.

டயரில் என்ன பார்க்க வேண்டும்?

காற்று, வயது, ஆணி. காற்றை வீட்டில், டயர் குளிர்ந்திருக்கும்போது சொந்த கேஜ் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு என்று வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும்.

வயதை அறிய டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர். பெங்களூர் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும்போது இந்த எண்ணை முதலில் பாருங்கள்.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் உடனே பிடுங்காதீர்கள். பல நேரம் அந்த ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். பஞ்சர் கிட்டும் கையடக்கப் பம்ப்பும் இருந்தால் கால் மணி நேர வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு வாசலில் பழைய டயர் ஒன்றை வைத்து ஒருமுறை செய்து பழகுங்கள். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் மட்டும் கிட் உதவாது, வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். டியூப் டயர் வண்டி வைத்திருப்பவர்கள் மாற்று டியூப் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

மலையில் பிரேக் பிடிக்காமல் போகும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், காரணமும் எளிது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் சேர்ந்த பிறகு அது 155 வரை இறங்கலாம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கொல்லிமலையில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடு ஏறி, பழைய ஆயில் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். அப்போது லீவர் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது.

ஆகவே இரண்டு வேலைகள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். நிறம் நன்றாக இருக்கிறது என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் மாற்றச் சொல்லுங்கள். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தி, பிறகு விட்டுவிடுங்கள், தேய்த்துக்கொண்டே வராதீர்கள்.

தொப்பூர்க் கணவாயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் அது நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் அங்கே கட்டுப்பாடு இழந்து எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. அந்த இறக்கத்தில் நான் எந்த லாரிக்கும் நேர் முன்னால் நிற்கமாட்டேன், இரண்டு லாரிகளுக்கு நடுவிலும் போகமாட்டேன். கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே, தேவைப்பட்டால் இடப்பக்கம் ஒதுங்கி அவர்களை விட்டுவிட்டுப் போவேன். ஐந்து நிமிடம் தாமதமாகும், ஆகட்டும்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

சனிக்கிழமை காலை ஐந்தேகால். வெள்ளி மாலை சில்க் போர்டிலிருந்து அத்திப்பள்ளி வரை என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாளென்றால் கேட்கவே வேண்டாம். விடியற்காலையில் நகர விளக்கு வெளிச்சத்திலேயே எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, ஓசூரில் பொழுது புலர, கிருஷ்ணகிரியில் இட்லி. சேலத்துக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடந்தாலும் பத்து, பத்தரைக்குள் சேலம் தாண்டிவிடலாம். டிசம்பர், ஜனவரியில் ஓசூர்ப் பக்கம் மூடுபனி இறங்கும், அந்த மாதங்களில் ஆறரைக்கு மேல் கிளம்புங்கள்.

ராத்திரியில் நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, எதிர்த்திசையில் வரும் டிராக்டர், நடுவில் படுத்திருக்கும் மாடு எல்லாம் பகலிலும் உண்டு. பகலில் கண்ணுக்குத் தெரியும். என் தம்பி ஒரு ராத்திரி எப்படித் தப்பினான் என்று அவன் சொல்லக் கேட்டவள் நான்.

சுங்கச்சாவடியில் பணம் கட்ட வேண்டுமா?

தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் இல்லை. இடதுகோடியில் ஒடுங்கிய தனிப் பாதை இருக்கும். அங்கே மணலும் சிந்திய டீசலும் கிடக்கும், மெதுவாகப் போங்கள். பெங்களூரின் நைஸ் ரோட்டில் மட்டும் இருசக்கர வாகனத்துக்கும் கட்டணம் உண்டு.

மைசூர், ஊட்டி பக்கம் போக வேறு விதிகள் உண்டா?

உண்டு, மறந்தால் பாதி வழியில் திரும்ப வேண்டியிருக்கும். பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். பந்திப்பூர் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். 27 வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. சத்தியமங்கலம் வழியாகக் கோவை போகிறவர்கள் பொழுது சாயும் முன் அந்தக் காட்டைத் தாண்டிவிடுமாறு திட்டமிடுங்கள். யானை கடக்கும் இடங்களில் ஹாரன் அடிக்க வேண்டாம், வண்டியை விட்டு இறங்கவும் வேண்டாம்.

ஹெல்மெட், ஜாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதற்குரிய தர எண் ஐ.எஸ். 4151. அதோடு அளவு: போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியே சுழன்றால் அது பெரிது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மகோல் ஒருமுறைதான் அமுங்கும். பின்னால் உட்காருபவருக்கும் இதே தரத்தில் வாங்குங்கள். ஊருக்குள் போகப் பயன்படும் தொப்பி ஹெல்மெட்டை அம்மா அப்பா தலையில் வைத்து நெடுஞ்சாலையில் கூட்டிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்குவதில்லை.

விழும்போது கை தானாக முன்னால் நீளும், அதனால் கையுறை கட்டாயம். தோள், முழங்கை, முதுகுக்குக் காப்பு வைத்த வலை ஜாக்கெட் நம் வெயிலுக்குச் சரி. கணுக்கால் மறைக்கும் பூட்ஸ் வேண்டும்.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

நான்கு வயதுக்குக் கீழ் என்றால் குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் கச்சையும் ஹெல்மெட்டும் வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது 2023 பிப்ரவரியிலிருந்து விதி. அந்த வேகத்தில் நெடுஞ்சாலையில் போவதே ஆபத்து. ரயிலில் கூட்டிப் போங்கள்.

திரும்பி வரும்போது அம்மா மூட்டை கட்டிக் கொடுப்பாரே, அதை எப்படி வைப்பது?

அரிசி, தேங்காய், முறுக்கு டப்பா, முருங்கைக்காய். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் வந்ததில்லை. கனமானவை சேடில் பேக்கின் (பின் சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கும் பையின்) அடியில், இரண்டு பக்கமும் ஒரே எடையாக. பின்னால் உயரத்தில் இருக்கும் டாப் பாக்ஸில் லேசானவை மட்டும். அங்கே பத்து கிலோ அரிசியை வைத்தால் 80-இல் ஹேண்டில் ஆடத் தொடங்கும். முருங்கைக்காயைப் பக்கவாட்டில் நீட்டிக் கட்டாதீர்கள், முறித்து உள்ளே வையுங்கள். பின் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) ஓரிரு படி ஏற்றுங்கள், காற்றையும் ஏற்றுங்கள். கட்டிய கயிற்றின் நுனி சக்கரத்துக்கோ செயினுக்கோ எட்டுகிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள்.

தீபாவளி சமயத்தில் மழை வருமே?

வரும். இங்கே வெறித்திருக்கும், சேலம் தாண்டியதும் வடகிழக்குப் பருவமழை கொட்டும். மழைக்கோட்டைப் பையின் மேலேயே வையுங்கள். மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம்தான் அதிகம் வழுக்கும், சாலையில் படிந்த எண்ணெய் அப்போதுதான் மிதக்கும். அந்த நேரத்தில் ஒரு டீக்கடையில் நின்றுவிடுவது என் வழக்கம். வெள்ளைக் கோடுகள், பாலத்தின் இரும்பு இணைப்புகள் மேல் பிரேக் போடாதீர்கள்.

பெண் தனியாகப் போகலாமா?

நான் போகிறேன். புறப்படும் நேரத்தையும் வழியையும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லி, போனில் இருப்பிடத்தைப் பகிர்ந்துவிடுவேன். கழிவறைக்கு, குடும்பங்கள் நிறுத்தும் பெரிய உணவகங்கள் நல்லவை. கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதீர்கள். மே மாத வெயிலில் கண் இருட்டும், அதற்கு முன் தலை வலிக்கும். தலைவலி வந்தாலே நிறுத்திவிடுங்கள். நெடுஞ்சாலை டீக்கடைகளில் என்னிடம் வந்து பேசியவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒன்றுதான்: "எவ்ளோ மைலேஜ் குடுக்குதும்மா?" நெடுஞ்சாலையில் 35 வரை தருகிறது.

ஊர் போய்ச் சேர்ந்ததும் வண்டிக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

செயின் சூடாக இருக்கும்போதே லூப் அடித்துவிடுங்கள். சூட்டில் அது கண்ணிகளுக்குள் நன்றாக இறங்கும், ராத்திரி முழுக்க ஊறும். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லக் காற்று இறங்கும் பஞ்சர் என்றால் அன்று மாலையே தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பும் நேரத்தில் தெரிந்தால் திறந்திருக்கும் பஞ்சர் கடையைத் தேடி நாமக்கல் வரை தள்ள வேண்டும்.